கடைசி வரி வரை படித்தார், கண் நல்லா இருக்கு என்றார்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இலவசக் கண் பரிசோதனை முகாம் செய்தி வருகிறது, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று எங்கள் பக்கத்து ஊர் ஏதாவது ஒன்றின் பெயரோடு. கூடவே ஒரு பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்கிற மாதிரி ஒரு படமும் இருக்கும். நல்ல காரியம்தான், நடத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் என் அப்பாவும் அப்படித்தான் இரண்டு முகாம்களில் உட்கார்ந்து, கடைசி வரி வரை தடுமாறாமல் படித்துவிட்டு, கண் நல்லா இருக்கு என்று சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கிளாக்கோமா என்ற கண் நோயால் அப்போதே அவருடைய பக்கப் பார்வை நிறையவே போயிருக்க வேண்டும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். இதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட கல் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவன். அப்பாவும் அதே வேலைதான், நாற்பது வருடத்துக்கு மேல். சதுரமான கண்ணாடியைக் கீழே வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் மாட்டி, அதற்குள் பூப்போட்ட அச்சை இறக்கி, அச்சில் இருக்கிற ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறத்தில் கரைத்த சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் தட்டி எடுத்து வைப்போம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயிலில் காய வைப்பது.

இந்த வேலையில் கண் எங்கே இருக்கும் என்று யாராவது கேட்டால், கரண்டி மூக்கில் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஒரு சொட்டுப் பச்சை மஞ்சளுக்குள் விழுந்தால் கல் வீண். ஆனால் அடுத்த நிறம் இருக்கிற கிண்ணத்துக்குக் கை போவது எப்படி? யாரும் தலையைத் திருப்பிப் பார்த்து எடுப்பதில்லை. கண் அச்சிலேயே இருக்கும், கை தானாக இடது பக்கம் போய்ச் சிவப்பை மொண்டுகொண்டு வரும். கண்ணின் ஓரம்தான் அந்தக் கையைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பது அப்பாவுக்கு அது போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

2018 வாக்கில் அப்பா கிண்ணத்தைத் தட்டிவிட ஆரம்பித்தார். முதலில் எப்போதாவது, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. கல்லில் மட்டும் குறையே இருக்காது, கோடு ஒன்றுகூட வழியாது, அதனால் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயசாச்சு, கை நடுங்குது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் கல் மாற்றப் போனபோது வளவுக்குள் இறங்குகிற படியில் கால் வைக்கத் தவறி விழுந்தார். வீட்டிலும் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வது, பேரன் குறுக்கே ஓடினால் அவன்மேல் மோதுவது என்று ஆகிவிட்டது. என் மனைவிதான் முதலில் சொன்னாள், "மாமா வேணும்னு இடிக்கல, அவருக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்லைன்னு நினைக்கிறேன்" என்று. நான் கேட்கவில்லை. செய்தித்தாளில் வரன் விளம்பரம் வரைக்கும் பொடி எழுத்தைப் படிக்கிறவருக்குக் கண் தெரியாதா என்று அவளையே மடக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

நடுவில் 2019-லும் 2021-லும் முகாம். இரண்டிலும் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், படித்தார், கிட்டத்தில் படிக்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். 2022-ல் டிவிஎஸ் 50-ல் காரைக்குடி போகிற ரோட்டில் இடது பக்கத்திலிருந்து வந்த மாடு மேலேயே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர்தான், "மாடு எப்படிங்க தெரியாமப் போச்சு, பட்டப்பகல்ல?" என்று கேட்டுவிட்டு, கண்ணுக்கு முழுசாப் பாருங்கள் என்று மதுரைக்கு அனுப்பினார்.

அங்கே ஃபீல்டு டெஸ்ட் என்று ஒன்று எடுத்தார்கள். வெள்ளையாக ஒரு பெரிய அரைக்கோளக் கிண்ணம், அதற்கு முன்னால் தாடையைத் தாங்கலில் வைத்து உட்கார வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் இருக்கிற விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றிலும் எங்கேயாவது பொட்டு மாதிரி வெளிச்சம் வந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தினார். அப்புறம் ரொம்ப நேரம் பட்டன் சத்தமே இல்லை. அப்பா தலையை அசைக்காமலே அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா, மிஷினு நின்னுபோச்சா? லைட்டே வரலையே?" மிஷின் நிற்கவில்லை. வெளிச்சம் வந்துகொண்டேதான் இருந்தது.

கிளாக்கோமா என்றார்கள், தமிழில் கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் சுரக்கிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு இழை இழையாகச் செத்துப்போகிறது. பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. பக்கத்துப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வந்து நடுப்பார்வையைக் கடைசியாகத்தான் தொடும். போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

எனக்கு அன்றைக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். இவ்வளவு போயிருக்கிறது, ஒரு மனுசனுக்கு அது எப்படித் தெரியாமல் இருக்கும்? அப்பாவிடமே கேட்டேன், ஓரமெல்லாம் கருப்பா இருந்துச்சா என்று. இல்லவே இல்லை, எப்பவும் போலத்தான் இருந்துச்சு என்றார். என் மகள் இதற்காகவே பிளஸ் டூ முடித்துவிட்டு, கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி படிப்பில் சேர்ந்தாள். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் தெளிந்தேன். கீழே சொல்வதெல்லாம் அவளிடம் கற்றது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு, இந்த வரியின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லையே உற்றுப் பாருங்கள், கண்ணை நகர்த்தாதீர்கள். பக்கத்துச் சொல் தெரியும். அதற்கடுத்தது சுமாராகத் தெரியும். நாலைந்து சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது? ஏதோ கருப்பாக எழுத்து இருக்கிறது என்று தெரியும், படிக்க முடியாது. ஆனால் ஒரு நிமிடம் முன்பு வரை பக்கம் முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? நானும் அப்படித்தான் ஐம்பது வருடம் நினைத்திருந்தேன்.

விழித்திரையின் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் குழி. கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், அந்த நகத்தளவு இடம்தான் ஒரு நேரத்தில் உண்மையிலேயே தெளிவாகத் தெரிகிறது. நிறத்தையும் நுணுக்கத்தையும் பிடிக்கிற கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து இருக்கின்றன. மங்கலில் வேலை செய்கிற குச்சி செல்கள் அந்தக் குழியின் நட்டநடுவில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் சுற்றுப்புறத்தில். சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணும்போது எங்க ஐயா சொல்வார், "மங்கலா இருக்கிறதை நேரா பாக்காதே, கொஞ்சம் தள்ளிப் பாரு, தெரியும்" என்று. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், தள்ளிப் பார்த்தால் வந்துவிடும். அதற்குக் காரணம் இதுதான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

சரி, நகத்தளவுதான் தெளிவு என்றால் உலகம் முழுசாகத் தெரிவது எப்படி? கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது, விநாடிக்கு மூன்று நாலு தடவை. எங்கே தாவ வேண்டும் என்பதைச் சொல்கிற வேலை ஓரப் பார்வையுடையது. இந்தப் பக்கம் ஏதோ அசைகிறது, அந்தப் பக்கம் ஏதோ பளிச்சென்று இருக்கிறது என்று ஓரம் தகவல் கொடுக்கிறது, உடனே நடுப்பார்வை அங்கே போய் அது என்ன என்று பார்த்துச் சொல்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போதுகூட அடுத்த சொல் எவ்வளவு நீளம், எங்கே முடிகிறது என்று ஓரப் பார்வை முன்கூட்டியே பார்த்து வைத்துவிடுகிறது, கண் சரியாகப் போய் அங்கே இறங்குகிறது. பார்க்க நினைத்த இடத்துக்கெல்லாம் கண் உடனே போய்விடுவதால் எல்லாமே எப்போதும் தெளிவாக இருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு.

ஓரப் பார்வையைக் குறைந்த தரம் என்று நினைத்துவிடக் கூடாது. சோக் போட்ட பழைய டியூப் லைட் இருந்தால் நேராகப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்கண்ணால் பாருங்கள், நேரில் தெரியாத துடிப்பு ஓரத்தில் தெரியும். அசைவுக்கும் துடிப்புக்கும் அது பிறவிக் காவல்காரன். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. தொழுவிலிருந்து வருகிற காளையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் இல்லை அது, பொட்டல் முழுக்கக் கட்டுமாடு எந்தத் திசையிலிருந்தும் வரும். அனுபவப்பட்டவன் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு ஓரத்தில் புழுதி எழும்பினால் கால் தானாக விலகிவிடும். அது கருப்பு மாடா மயிலையா என்று அவனுக்கு அந்த நேரத்தில் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஓரப் பார்வை தடுமாறுகிற இடமும் உண்டு. தனியாக நிற்கிற எழுத்தை ஓரத்தில் கண்டுபிடித்துவிடலாம், அதற்கு இரண்டு பக்கமும் வேறு எழுத்துகள் ஒட்டி நின்றால் எல்லாம் குழம்பிவிடும். 1970-ல் ஹெர்மன் பௌமா என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இதை அளந்து எழுதினார். பார்க்கிற புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறையப் பாதி இடைவெளியாவது எழுத்துகளுக்கு நடுவில் வேண்டுமாம். கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறதே, அது இதனால்தான்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கண்ணிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, யாருக்காவது தெரிகிறதா? இடது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை ஒட்டி நிமிர்த்துங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு, வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் தூரம் போனதும் வலது கட்டைவிரலின் நுனி மறைந்துபோகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்ப வரும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியே போகிற இடம் அது, அங்கே வெளிச்சத்தை வாங்குகிற செல்லே கிடையாது. குருட்டுப் புள்ளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். விரல் மறைந்த இடத்தில் கருப்பாகவா இருந்தது? பின்னால் இருக்கிற சுவரின் நிறத்தையே மூளை அங்கேயும் பூசிவிட்டது. அப்பாவுக்கு வருடக்கணக்காக இதே பூச்சு வேலைதான் நடந்திருக்கிறது. ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் வேறு ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே அவருக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. பரிசோதித்தவர்களுக்கும் தெரியாமல் போனதுதான் என் வருத்தம்.

ஏனென்றால் அந்த எழுத்துப் பலகை நகத்தளவு நடுப்பார்வையைத்தான் சோதிக்கிறது. 1862-ல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் அதை உண்டாக்கினார், இன்றுவரை நல்ல கருவி, ஆனால் அது கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். லைசென்ஸ் எடுக்கிற படிவத்தில்கூட 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற கார் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு அது சுத்தமாகத் தெரியும். பக்கத்தில் வருகிற மாடுதான் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா இருந்தது. அதில் திறந்த கோண வகை என்று சொல்கிற, சத்தமில்லாமல் வருகிற வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர், ஆசிரியர் அவர்களே. அவர்களும் வரன் விளம்பரம் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு நேர்மாறாக இருக்கிறது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற நோய். எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது, யாருடைய முகத்தைப் பார்த்தாலும் நடுவில் அழித்துவிட்ட மாதிரி இருக்கும் என்பார்கள். ஆனால் வீடு முழுக்க ஒரு தூணிலும் படாமல் நடப்பார்கள், படி இறங்குவார்கள், கோழி உள்ளே நுழைந்தால் முதலில் விரட்டுவதே அவர்கள்தான். அடுப்பில் பால் பொங்குவதும் அவர்களுக்கு ஓரத்தில் தெரிந்துவிடும். சாயங்காலம் அப்பாவும் ஆச்சியும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா உங்கள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், ஆச்சி ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டே கேட்பார்கள், அந்த வேலைக்கு அவர்களுக்கு விரலே போதும். திடீரென்று ஆச்சி, "அண்ணே, அங்கிட்டு யாரோ வர்றாக" என்பார்கள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பித் தேடிப் பிடித்து, "நம்ம வாத்தியார் மகன்" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இது நடக்கும்.

நான் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. முகாம் நடத்துகிறவர்கள் எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், 40 வயது தாண்டியவர்களுக்குக் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும், பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் இந்த நோய் வருகிறவர்கள் உண்டு, அதனால் இரண்டும் வேண்டும். நரம்பு கெட ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஃபீல்டு டெஸ்டிலேயே தெரியும் என்கிறாள் மகள், ஆகவே நரம்பைப் பார்ப்பதை விடவே கூடாது. மிஷின் கொண்டுவர முடியாத இடத்தில் விரலை வைத்துச் சோதிக்கிற முறை ஒன்று இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சோதிக்கிறவரின் மூக்கைப் பார்க்கவைத்து, ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவருவார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அது போதாது. ஆனால் என் அப்பா இருந்த நிலையை இரண்டே நிமிடத்தில் அது காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்கள் தள்ளிப்போடாமல் போய்ப் பார்த்துவிட வேண்டும். நானும் என் தம்பியும் பார்த்தோம், தம்பிக்கு ஆரம்பம் என்று சொல்லி மருந்து விட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இன்னும் ஒன்றும் போகவில்லை. கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்காக விட்டுக்கொள்வதாலும் அழுத்தம் ஏறும், இதை எங்கள் பட்டறையிலேயே இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள், சிமெண்டுத் தூசிக்கு என்று. நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினோம்.

நீங்களும் முகாம் செய்தி போடும்போது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கண்ணாடி கொடுத்தார்கள் என்பதோடு, அழுத்தமும் நரம்பும் பார்த்தார்களா என்று ஒரு வரி கேட்டுப் போடுங்கள். மார்ச் மாதத்தில் உலக கிளாக்கோமா வாரம் வருகிறது. அந்த வாரத்தில் இந்தக் கட்டைவிரல் சோதனையையாவது படம் போட்டு வெளியிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் செய்து காட்டுவார்கள், பேச்சாவது தொடங்கும்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு முகாம் முழுசாக நடத்த யாராவது முன்வந்தால் பந்தலும் நாற்காலியும் சாப்பாடும் பட்டறைக்காரர்கள் நாங்கள் ஏற்பாடு செய்துவிடுகிறோம். கூட்டம் சேர்க்க வேண்டிய கவலையும் வேண்டாம், அப்பாவே வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
கல் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.